செண்பகவல்லியின் மூன்றாவது வேர்

எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு போடுவதற்கு முன் வீட்டுக்காரரின் ஞானப்பல்லை எக்ஸ்ரே எடுப்பார்கள். பல்லின் வேர் எந்தப் பக்கம் வளைகிறதோ, மனையில் அந்தப் பக்கம் துளை போட வேண்டும். வேருக்குக் கீழே தாடைக்குள் ஓடும் நரம்புக் குழாய்தான் நீரோட்டம். வேர்நுனி தொடும் இடத்தில் குழாயின் கோடு மங்கித் தெரிந்தால் நல்ல தண்ணீர். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

டாக்டர் ஜெபசிங்கின் பல் மருத்துவமனையில் பதினொரு வருடமாகப் படம் எடுப்பவன் நான். என் படத்தை நம்பித் துளை போட்ட எவரும் ஏமாந்ததில்லை, வளையல் கடை செண்பகவல்லியைத் தவிர. அவள் பல்லுக்கு இரண்டு வேர். ஒன்று வேப்பமரத்தைக் காட்டியது, இன்னொன்று கோழிக்கூண்டை. இரண்டு இடத்திலும் அறுநூறு அடிக்குப் புழுதிதான் பறந்தது.

மூன்றாம் நாள் வீங்கிய கன்னத்தோடு வந்தாள்.

"எட்டு மாசமா உசிர் போவுது அண்ணாச்சி. தண்ணி வந்த பெறவு புடுங்கிக்கிடலாம்னு இருக்கேன். போர் போடுத லாரிக்காரன் சாயங்காலம் கெளம்புதேங்கான். ரெண்டு கிலோமீட்டர் கொடம் சொமக்க இனி என்னால ஏலாது."

எனக்குப் பாவமாக இருந்தது. என் படத்தின் மேல் கோபமும் வந்தது. தட்டையான படத்தில் ஒரு வேருக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொள்வது உண்டு. தலையைச் சுற்றி வரும் ஸ்கேன் இயந்திரத்தில் அவளை நிறுத்தினேன். நாக்குப் பக்கமாக, நூல் போல, மூன்றாவது வேர் ஒன்று நரம்புக் குழாயின் மேல் நுனியை ஊன்றி நின்றது. அளந்து பார்த்தேன்.

"அடுப்படி. சிலிண்டருக்குத் தெற்கே ஒன்றரை அடி."

"லாரி உள்ள வராதே?"

"செவத்த இடிச்சிரு தாயி."

"சரி அண்ணாச்சி."

ஐந்து மணிக்குச் சுவரை இடித்தார்கள். நூற்று நாற்பதாவது அடியில் தண்ணீர் பீறிட்டுக் கூரையை நனைத்தது. அந்த நிமிடமே செண்பகவல்லியின் வீக்கம் வடிந்தது. வலி தண்ணீரோடு போய்விட்டது.

போனது வீணாகப் போகவில்லை. யார் ஒரு குடம் எடுத்தாலும் எடுத்தவருக்கு இடது கடைவாயில் கால்மணி நேரம் வலித்தது. செண்பகவல்லியின் பல்லை எடுத்தால் தண்ணீர் நின்றுவிடும், இருக்கட்டும் என்றார் டாக்டர். தெருவில் முப்பத்திரண்டு வீடு. எல்லோரும் முறை வைத்துக்கொண்டு, தாடையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

எதிர்வீட்டு கோமதி அந்த எட்டு மாதமும் செண்பகவல்லி நடிக்கிறாள் என்று சொல்லித் திரிந்தவள். முதல் குடத்தை எடுத்தவள் அதை இறக்கி வைத்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு செண்பகவல்லியின் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, எட்டு மாசமும் இதயா தாங்குன?"

"ஆமாக்கா."

கோமதி போய் இரண்டாவது குடத்தையும் எடுத்து வந்தாள்.

எங்கள் வீட்டு முறை வியாழக்கிழமை காலை ஆறேகால். மைத்துனர் குடும்பம் வருவதால் இந்த வாரம் நான்கு குடம் வேண்டும் என்கிறாள் என் மனைவி. கிராம்பு வாங்கி வைத்திருக்கிறேன்.