மாதையன் வளர்த்த வளைவுகள்

மாதையன் வேலைக்குத் தாமதமாக வந்து பொய்க் காரணம் சொன்னால், புதூர்நாட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் புதிதாக ஒரு வளைவு முளைத்துவிடும். எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில் இது தொடங்கியது. அந்த வருஷம் புளி விலை இறங்கியிருந்தது, சாமை சுமாராக விளைந்திருந்தது. ரோடு போடும் கேங்கில் கூலிக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் நன்றாகத் தூங்கிவிட்டு, வழியில் கரடி மறித்துக்கொண்டதாக மேஸ்திரி பஞ்சாட்சரத்திடம் சொன்னான். ஜல்லிக்கூடையோடு மேலே போன பெண்கள் மதியம் திரும்பியபோது, காலையில் நேராக இருந்த இடத்தில் பாதை வளைந்து கிடந்தது. ஓரக்கல்லெல்லாம் நட்டு, கல்லில் பாசிகூடப் பிடித்திருந்தது. பெண்கள் கூடையை இறக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு வளைவைச் சுற்றி நடந்தார்கள். அதற்குக் கரடி வளைவு என்று பேர் வந்தது.

மாதையனைச் சோம்பேறி என்று சொன்னால் அது அநியாயம். சம்மட்டியைக் கையில் எடுத்துவிட்டால் இரண்டு ஆள் வேலையை ஒருவனாக முடிப்பான். விடிகாலைத் தூக்கத்தை மட்டும் அவனால் விட முடியவில்லை. தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கம் வேறு. அதனால் மாமியாருக்கு மூன்று தடவை காய்ச்சல் வந்தது, மூன்று வளைவுகள் ஆயின. அந்த அம்மாளோ கொல்லையில் களை வெட்டிக்கொண்டு திடமாக இருந்தாள். சாவு வீட்டுக்குப் போனேன் என்றால் அந்த மலையில் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அந்த மரியாதையையும் அவன் விட்டுவைக்கவில்லை. செத்துப்போன சித்தப்பாவையே இரண்டு முறை எடுத்து அடக்கம் செய்தான், அதற்கும் இரண்டு வளைவுகள். அவன் மனைவி செல்லியம்மாளும் அதே கேங்கில்தான் ஜல்லி சுமந்தாள். கோழி கூப்பிட எழுந்து களி கிண்டி வைத்து, அவனை இரண்டு தரம் உலுக்கிவிட்டு, நேரத்துக்குப் போய்ச் சேர்கிறவள். புருஷன் வளர்த்த வளைவு அத்தனையையும் தலைச்சுமையோடு சுற்றியவளும் அவள்தான். “எங்கம்மாவுக்குக் காய்ச்சல்னு சொன்னியே, அந்த வளைவுலதான் இன்னிக்கு முள்ளு ஏறிச்சு” என்றாள் ஒருநாள். அன்றைக்கு அவனுக்கு வெறும் களிதான், குழம்பு ஊற்றவில்லை.

பொய் சொல்லிப் பழகிய வாய் தாமதத்தோடு நிற்குமா? ஒருநாள் தார் டிரம்முக்கு அண்டைக் கல் வைக்க மறந்துவிட்டான். டிரம் உருண்டு பள்ளத்தில் விழுந்தது. யார் என்று பஞ்சாட்சரம் கத்தியபோது, கூட வேலை செய்த முனியனைக் கைகாட்டிவிட்டான். முனியன் வாய் செத்த ஆள். மறுத்துப் பேசத் தெரியாமல், வேலை போய், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் பெரிய புளியமரத்தைச் சுற்றி ஒரு வளைவு கிடந்தது. இருந்ததிலேயே அதுதான் பெரிசு. அது எதற்காக வந்தது என்று மாதையனைத் தவிர யாருக்கும் தெரியாது.

அடுத்த கார்த்திகையில் செய்தி வந்தது. பொங்கல் கழித்து இஞ்சினியர் ஜீப்பில் வருகிறார். பாதை பிளானில் உள்ளபடி இருந்தால் பஸ் விடுவார்கள், கேங்கில் இருக்கிற எல்லோருக்கும் வேலை பர்மனென்ட் ஆகும். இல்லையென்றால் கீழ்நாட்டு ஆட்களை வைத்துக்கொள்வார்கள். பஞ்சாட்சரம் மாதையனைத் தனியாகக் கூப்பிட்டார். “இன்னா மாதையா, எல்லாம் உன் வாயால வந்த வளைவு. அது போவலன்னா ஒருத்தனுக்கும் வேலை கெடையாது. உன் பொண்டாட்டிக்கும்தான்.” கடைசிச் சொல்தான் அவனைத் தைத்தது. ஒருநாள்கூடப் பிந்தாதவள் தன்னால் வேலையை இழப்பதா!

அன்று முதல் வெள்ளாட்டுக் கயிற்றைத் தன் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு படுத்தான். ஆடு விடியுமுன் எழுந்து அவனைத் தரதரவென்று இழுக்கும். மார்கழிக் குளிரில் பல் கிடுகிடுக்க எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்து, பாதையைப் பெருக்கி, தார் அடுப்பை மூட்டி வைத்தான். அப்படிப் போன முதல் நாளே ஒரு சித்தப்பா வளைவு நேராகிவிட்டது. பிறகு நாளுக்கு ஒன்றாகப் போயின. விரல் வீங்கியது, மாதையன் விடவில்லை. ஜுரத்திலும் போனான். கரடி வளைவு போன அன்றைக்குக் கேங்கே கைகொட்டியது. தை பிறந்தபோது புளியமரத்து வளைவு மட்டும் பாக்கி. எவ்வளவு சீக்கிரம் போனாலும் அது அசையவில்லை.

இஞ்சினியர் வருவதற்கு முந்தின சாயங்காலம் செல்லியம்மாள் கேட்டாள்: “அது எந்தப் பொய்யி?” சொன்னான். அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். “மேஸ்திரிகிட்ட சொன்னா லிஸ்ட்டுல என் பேரை அடிச்சிடுவாங்க” என்றான். “அடிப்பாங்கதான்” என்றாள் அவள்.

விடிந்ததும் மாதையன் வேலைக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் நடந்து, முனியன் வீட்டு வாசலில் நின்றான். முனியன் வரமாட்டேன் என்றான். கெஞ்சிக் கூத்தாடி அவனை அழைத்துக்கொண்டு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஜீப் புளியமரத்து வளைவில் நின்றிருந்தது. இஞ்சினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். “இன்னிக்கும் லேட்டா? இன்னிக்கு இன்னா காரணம்?” என்று பல்லைக் கடித்தார் பஞ்சாட்சரம். உண்மையான காரணம் ஒன்று அன்றைக்குத்தான் முதன்முதலாக அவனிடம் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை. “டிரம்முக்கு அண்டைக் கல்லு வெக்காதது நானுங்க. முனியன் இல்லிங்க” என்றான். இஞ்சினியர் கண்ணாடியை மாட்டியபோது ஜீப் நேரான பாதையில் நின்றிருந்தது. பாதை நன்றாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டு மேலே போகச் சொன்னார்.

செல்லியம்மாள் பர்மனென்ட் ஆனாள், திரும்பச் சேர்த்துக்கொண்ட முனியனும் ஆனான். மாதையன் பேரை அடித்துவிட்டார்கள். அன்றைக்கு அவன் அழுதான், மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து பாதையைப் பெருக்கினான். அப்படியே தினக்கூலியாகப் பல வருஷம் உழைத்து, எண்பத்துமூன்றில் பர்மனென்ட் ஆனான். அதற்குள் பஞ்சாட்சரம் கலசப்பாக்கத்தில் மகன் வீட்டோடு போய்விட்டார், முனியன் மேஸ்திரியாகிவிட்டான்.

எண்பத்தைந்து ஐப்பசியில், அடைமழைக் காலையில், ஆடும் எழவில்லை, மாதையனும் எழவில்லை. அலறியடித்து ஓடிவந்தால், பாதை நடுவில் நிஜமாகவே ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. ஓரமாகப் பதுங்கி அதைத் தாண்டி வந்தான். “இன்னாடா மாதையா, லேட்டு?” என்றான் முனியன். மாதையன் திரும்பி ஒருமுறை பாதையைப் பார்த்தான். “தூங்கிட்டேன்” என்றான். முனியன் அவனுக்கு அரைநாள் லீவு போட்டான். கொஞ்ச நேரத்தில் கரடி எழுந்து நேரான பாதையில் நடந்து காட்டுக்குள் இறங்கியது. அது போகும்வரை காத்திருந்த பஸ், ஹாரன் அடிக்காமல் மெதுவாக வந்து சேர்ந்தது.