கூட நடக்கிறவள்

ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் தோர்பென் அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலைத்தான். முட்டி மாற்றியவர்களை மூன்று வாரமாக அந்த மலைப்பக்கத்து மறுவாழ்வு மருத்துவமனையில் குனிய வைத்து, நிமிர வைத்து, காட்டுப் பாதையில் நடக்க வைத்த உடற்பயிற்சி சிகிச்சையாளன் அவன். கடைசி வகுப்பில், "இங்க நடக்கிறது பெரிசில்ல. வீட்டுக்குப் போயும் நடக்கணும். தனியா நடக்கிறவங்க சீக்கிரம் விட்டுடுவாங்க. யார் கூட நடக்கப் போறீங்க, சொல்லுங்க" என்றான்.

ஒருவர் மனைவி என்றார். இன்னொருத்தி எதிர்வீட்டுத் தோழி என்றாள். டெட்லெஃப், "என் நாய்தான். அது என்னை இழுத்துக்கிட்டே போயிடும்" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது ரோஸ்விதாவின் முறை. மீன் தொழிற்சாலையில் நின்று நின்றே முட்டியைத் தேய்த்தவள். பிரேமர்ஹாஃபன் என்ற துறைமுக ஊரில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறவள். யாருமில்லை என்று சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? ஆனால் அத்தனை முகத்திலும் ஐயோ பாவம் என்று ஒரு பார்வை வருமே, அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

"என் தங்கச்சி ஹெல்லா" என்றாள்.

ஹெல்லாவோடு பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் காபி குடிக்க உட்கார்ந்த இடத்தில், "அம்மா படுக்கையில கிடந்தப்போ ஒரு தடவை எட்டிப் பார்த்தியாடி?" என்று ரோஸ்விதா கேட்டாள். ஹெல்லா தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். ஆற்றுக்கு அக்கரையில்தான் இருக்கிறாள், படகேறினால் வந்துவிடலாம். இவளும் போகவில்லை, அவளும் வரவில்லை.

பொய் அதோடு போயிற்றா? இல்லை. அரை வருஷத்துக்கு மாதம் ஒருமுறை தோர்பென் தொலைபேசியில் விசாரிப்பானாம்.

"நடக்கிறீங்களாம்மா? தங்கச்சி வர்றாங்களா?"

"வராம? அவ வேகத்துக்கு என்னால ஈடு குடுக்க முடியல தம்பி. காத்து மூஞ்சில அறையுது, திரும்பலாம்டின்னா, கிழவி மாதிரி புலம்பாதேங்கறா."

அளந்துவிட்டாளே தவிர, தொலைபேசியை வைத்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. ஆற்றங்கரையை எட்டிக்கூடப் பாராமல் அடுத்த மாதம் என்ன கதை விடுவது? மறுநாள் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு கரைமேட்டில் ஏறினாள். அதற்கடுத்த நாளும் ஏறினாள். ஹெல்லா சொல்லக்கூடியதையெல்லாம் அவளே சொல்லி, அவளே பதிலும் சொன்னாள். ஆடு மேய்கிற சரிவில் ஒருநாள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று, "அம்மா கடைசி வரைக்கும் உன்னைத்தான்டி கேட்டா!" என்று வாய்விட்டுக் கத்தியும் விட்டாள். பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? வீட்டுக்கு வந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்னும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இலையுதிர்காலத்தில் தோர்பென், "இதுதான்மா கடைசி அழைப்பு" என்றான்.

கடைசி அழைப்பிலும் பொய்யா என்று இருந்தது அவளுக்கு. "தம்பி, ஒண்ணு சொல்லிடறேன். ஹெல்லா ஒரு நாளும் வரல. நான் சொன்னது பச்சைப் பொய்."

"அப்போ இத்தனை மாசமும் தனியாவா நடந்தீங்க?"

"ஆமா."

"அடேயப்பா! அந்தக் குழுவில இன்னும் நடக்கிறது நீங்க ஒருத்தர்தான்மா. டெட்லெஃப் நாயைக் கொண்டுபோய் மகன் வீட்டுல விட்டுட்டார்."

சிரிப்பு வந்தது. சந்தோஷம் மட்டும் வரவில்லை. "இனிமே யாரு கேப்பாங்க தம்பி?"

"அதுக்கு எங்ககிட்ட வழி இல்லம்மா. உடம்பைப் பாத்துக்கங்க."

அவன் மேல் என்ன தப்பு? அவனுக்கு அடுத்த குழு காத்திருக்கிறது. இவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்: கேட்க ஆளில்லாவிட்டால் முதலில் மழை என்று ஒருநாள் நிற்பாள், பிறகு குளிர் என்று நிற்பாள், அப்புறம் நாற்காலிதான் கதி. மூன்றாம் மாடியில் ஒருத்தி இருக்கிறாளா செத்தாளா என்று ஒருவருக்கும் தெரியாது.

ஹெல்லாவின் எண்ணை அழுத்தினாள்.

"யாரு?"

"நான்தான். ரோஸ்விதா."

"என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லடி. நான் தினம் கரைமேட்டுல நடக்கிறேன். நீயும் வர்றியான்னு கேக்கத்தான்."

"நடக்கவா? நல்ல ஆளைக் கேட்டே போ. இடுப்பு போயி ரெண்டு வருஷமாகுது. வாசப்படி தாண்டறதே பெரும்பாடு. கடைக்கே பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் போறா."

இத்தனை நாளும் ரோஸ்விதாவின் கதையில் முன்னால் ஓடியவள், திரும்பி நின்று கேலி செய்தவள், வாசற்படி தாண்டாமலா கிடந்தாள்!

"அது கிடக்கட்டும்" என்றாள் ஹெல்லா, குரல் கொஞ்சம் இறங்கி. "இந்தக் காத்துல நீ யார் கூட நடக்கிறே?"

"உன் கூடத்தான்டி."

ஹெல்லா தொலைபேசியை வைக்கவில்லை.