பொட்டு வைத்த ரிவால்வர்

ரிவால்வர் திறக்கவில்லை. மார்க்கிரட் கட்டை விரலால் தாழ்ப்பாளை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். ம்ஹூம். தோட்டா போடும் உருளை அசைந்தே கொடுக்கவில்லை. அப்படியானால் கையில் இருப்பது நிஜம் இல்லை, டம்மி. நிஜத் துப்பாக்கிகளைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டிக்குள் டம்மி எப்படி வந்தது?

அடுத்த நொடியே அதைவிடப் பெரிய கேள்வி வந்தது. டம்மி இங்கே இருந்தால், நிஜம் எங்கே?

அது 1983. மலேசியாவில், கிள்ளான் கடைத்தெருவில் மூன்று நாளாக ஒரு போலீஸ் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதை நடப்பது 1951-இல். கொள்ளைக் கூட்டத்தைத் துரத்தும் ஓர் இன்ஸ்பெக்டரின் கதை. கோலாலம்பூரில் ஒரு துப்பாக்கிக் கடையில் பத்து வருடம் வேலை பார்த்தவள் என்பதால், மார்க்கிரட்டை ஆயுதப் பொறுப்பில் வைத்திருந்தார் டைரக்டர் கந்தையா. ஐம்பத்தொன்றில் எந்த அதிகாரி எந்த ரிவால்வரை இடுப்பில் சொருகினார் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

மொத்தம் ஆறு. மூன்று நிஜ வெப்லி ரிவால்வர், மூன்று டம்மி. டம்மிகளைப் பட்டறையில் கூடவே நின்று செய்வித்தவள் அவள்தான். நடிகன் கையில் துப்பாக்கி அட்டை மாதிரி லேசாக ஆடக்கூடாது என்று உள்ளே ஈயம் வார்க்கச் சொன்னாள். எடை, நிறம், விசை எல்லாம் அச்சு அசல். திறக்காது என்பதைத் தவிர, பார்வைக்கு வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். டம்மியின் கைப்பிடி அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு.

மார்க்கிரட் கையிலிருந்த டம்மியைத் திருப்பினாள். பொட்டு இருந்தது. பெட்டியிலிருந்த மற்ற இரண்டையும் திருப்பினாள். அவற்றிலும் பொட்டு! விரலால் தேய்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கோடு சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. குங்குமம்.

"நல்லம்மாக்கா!"

மேக்கப் போடும் நல்லம்மாள் கையில் பவுடர் பஞ்சோடு ஓடி வந்தாள்.

"காலையில பூசையில துப்பாக்கிக்கும் பொட்டு வச்சீங்களா?"

"வைக்காம? கேமராவுக்கு, லைட்டுக்கு, டைரக்டர் நாற்காலிக்குக்கூட வச்சேனே!"

"கைப்பிடிக்கு அடியிலயா வப்பாங்க?"

"யாரோ மூணுக்கு அங்கதான் முன்னாடியே வச்சிருந்தாங்க லா. மத்த மூணும் மூளியா கெடந்துச்சு. ஒரு வீட்டுப் பிள்ளைங்கள்ல மூணுக்கு மட்டும் வச்சா நல்லாவா இருக்கும்? எண்ணெயில கொழச்சு வச்சேன், மழை பேஞ்சாலும் போவாது!"

மார்க்கிரட் மாதா கோயிலுக்குப் போகிறவள். பூசைக்கு இடைஞ்சலாக நிற்க வேண்டாம் என்று, காலையில் ஒதுங்கி வேனுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து, துப்பாக்கிச் சண்டைக்காக நிஜ ரிவால்வர்கள் மூன்றிலும் வெற்றுத் தோட்டா நிரப்பி, மேசைமேல் டம்மிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். திடீரென்று மழை. வெடிமருந்து நனையக்கூடாது என்று தோட்டாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே ஓடிய நேரத்தில், கந்தையா பொட்டைப் பார்த்து ஒரு "டம்மி"யை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பழைய ரப்பர் கிடங்குக்குக் கிளம்பிவிட்டார். "டம்மி சீன்தானே, நீ வரவேணாம் மார்க்கிரட்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். மிச்சத்தில் மூன்றை, மழை அவசரத்தில் யாரோ நிஜம் என்று நினைத்து இரும்புப் பெட்டிக்குள் போட்டிருக்க வேண்டும்.

அந்தச் சீன் அவளுக்கு மனப்பாடம். கொள்ளைக்காரன் ரிவால்வரை இன்ஸ்பெக்டரின் நெற்றியில் அழுத்தி விசையை இழுப்பான். 'க்ளிக்'. தோட்டா தீர்ந்துபோயிருக்கும். இன்ஸ்பெக்டர் சிரிப்பார்.

வெற்றுத் தோட்டாவில் குண்டு கிடையாது. தூரத்தில் வெடித்தால் வெறும் சத்தமும் புகையும்தான். நெற்றியில் வைத்து அழுத்தி வெடித்தால், அந்த மருந்தின் வேகமே மண்டையைப் பிளந்துவிடும்.

"நாகையா அண்ணே! மோட்டார் சாவி!"

எதிரே பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்த நாகையா நிமிர்ந்தார். "ஏன்மா, மாலையெல்லாம் ஏத்திட்டேன், கல்யாண வீட்டுக்கு..."

"ஒரு உயிர் போகப் போவுது அண்ணே!"

சாவி பறந்து வந்தது. ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கூடை நிறைய மாலைகளோடு மார்க்கிரட் புறப்பட்டாள். பாலத்தில் லோரிகள் வரிசைகட்டி நின்றன. இரண்டு லோரிக்கு நடுவே ஹேண்டில் உரசப் புகுந்தாள். ஒரு டிரைவர் தலையை நீட்டி, "ஆன்டி, சாமி ஊர்வலம் எந்தப் பக்கம்?" என்று கத்தினான். பதில் சொல்ல நேரமில்லை. மல்லிகைச் சரம் ஒன்று அவிழ்ந்து கொடி மாதிரி பின்னால் பறந்தது.

கிடங்கு வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வேடத்தில் வீரசிங்கம் மண்டியிட்டிருந்தான். அவன் நெற்றியில் ரிவால்வரை அழுத்திக்கொண்டு நின்றான் விஜயன். விஜயன் உண்மையில் லோரி ஓட்டுகிறவன். முகத்துக்காகக் கிடைத்த வேடம். நல்லகாலம், வசனம் அவனுக்கு நாலு வார்த்தைக்கு மேல் நினைவில் நிற்காது.

"இன்ஸ்பெக்டர்! இந்தக் கிள்ளான்ல... இந்தக் கிள்ளான்ல என்னைய..." விஜயன் தடுமாறினான்.

"நிறுத்துங்க! சுடாதீங்க!" மார்க்கிரட் தொண்டை கிழியக் கத்தினாள். ஹாரனை அழுத்தினாள்.

ஒருவரும் திரும்பவில்லை. ஏன் திரும்ப வேண்டும்? குரலும் சத்தமும் பிறகு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்டூடியோவில் சேர்த்துக்கொள்வார்கள். பக்கத்தில் மாடு கத்தினாலும் கேமரா நிற்காது.

"என்னைய... புடிக்க ஒருத்தன் பொறந்து வரணும்!" விஜயனுக்கு வசனம் வந்துவிட்டது. விரல் விசைக்குள் நுழைந்தது.

சத்தத்துக்கு நிற்காத கந்தையா எதற்கு நிற்பார்? சட்டென்று உறைத்தது. மார்க்கிரட் தலையைக் குனிந்து, கயிற்றுக்கு அடியில் புகுந்து, மோட்டாரை நேராகக் கேமராவுக்கு முன்னால் விட்டாள். ஆரஞ்சு பிளாஸ்டிக் கூடை பளபளவென்று ஃபிரேமுக்குள் நுழைந்தது.

"கட்! கட்! கட்!" கந்தையா நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தார். "ஐம்பத்தொண்ணுல ஹோண்டா கப் எங்கருந்து வந்துச்சு? எவன் அது? மார்க்கிரட்! பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

விஜயன் எரிச்சலோடு கையை இறக்கினான்.

"துப்பாக்கிய இப்படிக் குடுங்க. அது நெசம்!"

"என்னக்கா நீங்க? இப்பத்தான் வசனமே வந்துச்சு!" விஜயன் சிரித்தான். "இந்தப் பொம்மைக்கா இவ்ளோ பயம்? இங்க பாருங்க." அவள் கை எட்டுவதற்குள் ரிவால்வரைக் கூரைப் பக்கம் தூக்கி விசையை இழுத்தான்.

'டுமீல்!'

கிடங்கே அதிர்ந்தது. கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. துருவும் தூசியும் எல்லார் தலையிலும் கொட்டியது. விஜயன் கையிலிருந்து ரிவால்வர் நழுவ, மார்க்கிரட் பாய்ந்து எடுத்து உருளையைத் திறந்தாள். இந்த முறை திறந்தது. மிச்சமிருந்த ஐந்து தோட்டாவும் அவள் உள்ளங்கையில் விழுந்தன.

வீரசிங்கம் எழவில்லை. மண்டியிட்டபடியே நெற்றியைத் தடவினான். துப்பாக்கி வாய் அழுத்திய இடத்தில் வட்டமாக ஒரு தடம்.

"டைரக்டர் சார்," வீரசிங்கம் மெல்லச் சொன்னான், "அடுத்த டேக்குக்கு வாழப்பழத்த வச்சு மிரட்டச் சொல்லுங்க. நான் நல்லாவே பயந்து நடிக்கிறேன்."

விஜயன் அவன் பக்கத்தில் தொப்பென்று தரையில் உட்கார்ந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"பழத்தையும் அக்கா உரிச்சுப் பாத்துக் குடுத்தாத்தான் நான் தொடுவேன் லா" என்றான்.