நீளமான அச்சு

இராசதுரை விடிய எழும்பினான். கிணற்றில் தண்ணீர் அள்ளி முகம் கழுவினான். அடுப்பை மூட்டிக் கேத்தலை வைத்தான். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தான். காற்சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை வெளியே எடுத்தான். உவர்மலையடியிலிருந்து கிளாக்கர் வேலை பார்த்த கடற்படைக் கந்தோர் வரை ஒரே பாதை, ஒரே மிதி. மனைவி செத்த பிறகும் காலைகள் தம்பாட்டில் நடந்துகொண்டிருந்தன.

அன்றைக்குக் கந்தோர் வாசலுக்குக் கிட்டப் பின்சில்லு ஒருபக்கம் சாய்ந்து நின்றது. அச்சு முறிந்து போயிற்று.

அது எப்போதோ முறிந்திருக்க வேண்டியது. யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட சித்திரையில் ஊரே காலியானபோது, காய்ச்சலோடு இருந்த மனைவி இரத்தினேஸ்வரியை அவன் இந்தச் சைக்கிளின் பின்னால் இருந்த கரியலில்தான் ஏற்றிக்கொண்டு போனான். பிள்ளை அவள் மடியில். கந்தளாய் வீதி முழுக்க வண்டிலும் மாடும் சனமுமாக இருந்தது. பள்ளத்தில் விழுந்து அச்சு வளைந்தது. மிச்சத் தூரம் அவளை இருத்தியபடியே உருட்டிக்கொண்டு போனான். வழியில் பிள்ளையின் கால் இரண்டு தரம் சில்லுக்குள் போகப் பார்த்தது. பிள்ளையைப் பிடித்திருக்க அவள் கையில் பலம் இருக்கவில்லை.

கந்தளாய்க் குளத்தருகே ஒரு கொட்டிலில் அவள் கிடந்தாள். அவளின் தமக்கை தங்கேஸ்வரியும் இறக்கக்கண்டியிலிருந்து அங்கேதான் ஓடி வந்திருந்தாள். கடைசி நாள் இரத்தினேஸ்வரி கண்ணைத் திறந்து புருசனைப் பார்த்து ஏதோ சொன்னாள். கஞ்சிக் கோப்பையோடு உள்ளே நுழைந்த தங்கேஸ்வரியின் காதில் முதல் துண்டு மட்டும் விழுந்தது: பிள்ளையைப் பார். தன்னைக் கண்டுதான் தங்கச்சி சொல்கிறாள் என்று நினைத்துப் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு இரத்தினேஸ்வரி கதைக்கவில்லை.

செத்து எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வந்த சனம் எல்லாம் அதையே சொல்லிச் சொல்லி அழுதது. பிள்ளை தமக்கையிடம் போனது. செத்தவளின் கடைசிச் சொல்லை யார் மீறுவது?

அவள் சொன்னது அதுவல்ல என்று இராசதுரைக்குத் தெரியும். பக்கத்தில் இருந்து முழுவதையும் கேட்டவன் அவன்தான். திருத்துவதானால் முழுவதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது அவனால் ஏலாமலிருந்தது. கல்லூரியில் மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கியவனுக்கு அந்த ஒரு வரி தொண்டையைத் தாண்டவில்லை.

இப்போது மூதூரிலிருந்து அவன் தங்கை, வந்து வீட்டில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாள். பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆள் இருக்கும். இனி அவனுக்கும் மகளுக்கும் இடையில் இருந்தது அந்தச் சொல் மட்டும்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்பது என்று இருந்தான். அதற்குள் அச்சு முறிந்துவிட்டது.

சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து உருட்டிக்கொண்டு, சந்தைக்குப் பின்னால் இருந்த முனாப் நானாவின் கடைக்குக் கொண்டுபோனான். சண்டை தொடங்கியதிலிருந்து கப்பலில் சைக்கிள் சாமான் வருவதில்லை. நானா தகரப் பேணியைக் கவிழ்த்துக் கிளறி இரண்டு அச்சுகளை எடுத்து வைத்தார். ஒன்று புதியது, கடதாசி கூடப் பிரிக்காதது; ஆனால் கட்டை. சட்டத்தைப் பிடித்து நட்டுப் பூட்டினால் அதோடு புரி முடிந்துவிடும். கரியலின் கால்களை அதில் மாட்ட இடமில்லை. சட்டத்தில் பட்டி போட்டுத்தான் கட்ட வேண்டும். பொதி தாங்கும், ஆள் தாங்காது. மற்றது நேவிக்காரன் கழித்துப் போட்ட சைக்கிளில் கழற்றியது. பழையது, கொஞ்சம் துருவும் இருந்தது. ஆனால் நீளமும் மொத்தமும். சட்டம், மட்காட்டின் கம்பி, கரியலின் கால் எல்லாம் கோத்த பிறகும் நட்டுக்குப் புரி மிச்சமிருந்தது.

"எருமை ஏறி இரிந்தாலும் இது வளையாது," என்றார் நானா. பிறகு கேட்டார்: "பின்னால ஆரு இரிக்கிற, கிளாக்கர்?"

கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. குனிந்து எண்ணெய்ச் சீலையைத் தேடினார். சீலை அவர் தோளில் கிடந்தது.

பிள்ளையை ஏற்றப் போகிறேன், ஆனால் முன்னால், பாரில் என்று இராசதுரை சொன்னான். அப்படியென்றால் கரியலில் ஒரு மூட்டைதானே, புதியதே போதும், துருப்பிடித்ததற்கு ஏன் ஆசைப்படுகிறீர்கள் என்றார் நானா. நியாயமான கதை. இராசதுரை இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தான். புதியது மினுங்கியது. அதைக் கீழே வைத்தான்.

"நீளமானதைப் போடுங்கோ, நானா."

நானா பழையதை எடுத்தார். துருவைத் தேய்த்தார், கிறீஸ் பூசினார், சில்லின் இரும்புக் குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பூட்டினார். கரியலின் கால்களை மாட்டி நட்டை இறுக்கினார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கரியலில் ஏறி உட்கார்ந்தார். அவர் சாதாரண ஆள் இல்லை. கடை வாசலை அடைத்து நிற்கிற உடம்பு. ஓட்டச் சொன்னார்.

இராசதுரை மிதித்தான். சந்தைச் சனம் பார்த்துச் சிரித்தது. மீன்காரி ஒருத்தி, நானாவுக்கு இன்றைக்குத்தான் கலியாண ஊர்வலமோ என்று கேட்டாள். இராசதுரைக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பின்னால் பாரம் இருக்கும்போது முன்சில்லு இலேசாகும், கைபிடி கொஞ்சம் துள்ளும். உள்ளங்கைகளுக்கு அது தெரிந்த சங்கதி. அவை தாமாகவே இறுக்கிப் பிடித்தன. அவன் சந்தைச் சுவரைத் தாண்டி, கடற்கரை வீதிக்குத் திரும்பி, மிதித்துக்கொண்டே போனான்.

"காணும், நிப்பாட்டுங்க கிளாக்கர். கந்தளாய்க்கா கொண்டுபோற?"

அவன் காலை ஊன்றினான். நானா இறங்கினார். அச்சு வளையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உப்புவெளி, நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிக்குப் போனான். தங்கேஸ்வரியின் புருசன் கடலுக்குப் போயிருந்தான். பிள்ளை பவளம், கோழிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தவள், அவனைக் கண்டதும் பெரியம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தங்கேஸ்வரிக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் ஒருநாள்கூட அவள் பவளத்துக்கு அம்மா என்று கூப்பிடப் பழக்கியதில்லை. அது இராசதுரைக்குத் தெரியும். அதனால் கேட்பது இன்னும் கடினமாயிருந்தது.

கேட்டான். தன் தங்கை வீட்டில் வந்து நிற்கப்போவதைச் சொன்னான். கிழமைக்கு ஒருதரம் கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னான்.

தங்கேஸ்வரி கோபிக்கவில்லை. மீன் வெட்டிக்கொண்டே பதில் சொன்னாள். "எனக்காகவோ சொல்லுறன், தம்பி? அவள் என்னட்டை ஒப்படைச்சிட்டுப் போனவள். நாளைக்கு அவள் முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

அவன் சைக்கிளின் கைபிடியைப் பிடித்தான். தோற்றவன் போகட்டும் என்ற இரக்கத்தோடு அவளே மற்றக் கதைக்குப் போனாள். இந்தத் துள்ளுகாலியை எங்கே வைத்துக் கொண்டுபோக நினைத்தீர்கள், கரியலில் வைத்தால் நிலாவெளி தாண்ட முன்னம் விழுந்துவிடுவாள் என்றாள்.

"பாரில, அக்கா."

"எதில?"

அவன் கைபிடிக்கும் இருக்கைக்கும் நடுவே ஓடிய இரும்புத் தண்டில் கையை வைத்தான். "இதில. இதைத்தான் பார் எண்டு சொல்லுறது."

தங்கேஸ்வரியின் கத்தி நின்றது. சைக்கிள் இல்லாத வீட்டில் பிறந்து, சைக்கிள் இல்லாத வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். தண்டைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பார் என்று வாய்க்குள் ஒருதரம் சொல்லிக்கொண்டாள்.

"அவள் என்ன சொன்னவள்?" என்றாள். "முழுக்கச் சொல்லுங்கோ, தம்பி."

அவன் சொன்னான். தண்டிலிருந்து கையை எடுக்காமல், பரிசு வாங்கிய குரல் எதுவும் இல்லாமல், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

தங்கேஸ்வரி கையைக் கழுவினாள். உள்ளே போனாள். அவள் அழுதது வெளியே கேட்டது. பிறகு பெட்டி திறபடும் சத்தம் கேட்டது. பவளத்தின் சட்டைகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். தன்னுடைய பழைய சீலையொன்றை நாலாய் மடித்துப் பாரில் சுற்றினாள். பிள்ளையைத் தானே தூக்கி அதில் இருத்தி, கைகளைப் பிடிக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். வாற கிழமை பெரியம்மாட்டை வர வேண்டும் என்று சொல்லிக் கன்னத்தில் கொஞ்சினாள்.

இராசதுரை மூட்டையை வாங்கிக் கரியலில் வைக்கப் போனான். தங்கேஸ்வரி தடுத்தாள். மூட்டையை அவன் கையிலிருந்து எடுத்துக் கைபிடியில் இறுக்கிக் கட்டினாள். கரியலில் படிந்திருந்த வீதிப் புழுதியைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். வெறுமையாகவே விட்டாள்.

கந்தளாயில், கண்ணைத் திறந்து, வீட்டுக்குத் திரும்பிப் போகிற யோசனையில் இரத்தினேஸ்வரி சொன்னது இவ்வளவுதான்:

"பிள்ளையைப் பாரில இருத்துங்கோ. நான் பின்னால இருக்கிறன்."