மூன்றாவது மிதி

களி அப்போதுதான் பானையிலிருந்து வட்டிலுக்கு வந்திருந்தது. ஆவி அடங்கவில்லை. காலை ஷிப்டு முடிந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்த என் வீட்டுக்காரர் ஏனோக், ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு வலது கையை நேராகக் களிக்குள் விட்டார். விட்ட கையை எடுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியடியில் யாரோ இருவர் குடத்துக்காகச் சண்டை போட்ட கதையைச் சொல்லிக்கொண்டே மூன்று விரல்களையும் உள்ளே வைத்தபடி இருந்தார். சூடு பட்டால் கையை உதறிக்கொண்டு "கொல்லப் பாக்கிறியாடி" என்று கத்துகிற மனிதர் அவர். கலியாணமாகி ஒன்பது வருஷமாக அந்தக் கத்தல் இல்லாமல் எங்கள் வீட்டில் சாப்பாடு ஆரம்பித்ததில்லை. அன்றைக்குக் கதை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் வெந்து சிவந்திருந்தன. அவர் விரல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான்கு நாளைக்கு முன் அவர் கழுத்தை மிதித்தவள் நான். அது இரண்டு பேருக்குமே அந்த நிமிஷத்தில் ஞாபகம் வந்தது.

நான் கால் முந்திப் பிறந்தவள். எல்லாக் குழந்தைக்கும் தலை முதலில் வரும். எனக்கு அப்போதே அவசரம், காலை நீட்டிவிட்டேன். எங்கள் குடியாத்தம் பக்கத்தில் அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பார்கள். தங்கச் சுரங்கத்தில் வேலை என்று கேள்விப்பட்டு ஜனங்கள் மாரிகுப்பத்துக்கு வந்து, கம்பெனி கட்டிக்கொடுத்த மூங்கில் தட்டி லைன் வீடுகளில் வரிசை வரிசையாகக் குடியேறியபோது, சட்டி பானையோடு அந்த நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது. ஞானஸ்நானம் வாங்கி நான் ஜூடித் ஆன பிறகும் என் கால் மட்டும் பழைய மதத்திலேயே இருந்தது. உபதேசியார் இரண்டு முறை கண்டித்தார். மூன்றாம் முறை அவருக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விடிகாலையில், வெறும் வயிற்றோடு வர வேண்டும். பாயில் குப்புறப் படுக்க வேண்டும். நான் தட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலால் மூன்று முறை தொட்டு எடுப்பேன். தொடுவதுதான், அழுத்துவது கிடையாது. இதில் ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். சுளுக்குப் பிடித்த அன்றைக்கே யாரும் என்னிடம் வருவதில்லை. தவிட்டு ஒத்தடம், விளக்கெண்ணெய், தலையணையை வெயிலில் போடுவது எல்லாம் செய்து பார்த்துவிட்டு மூன்றாம் நாள்தான் வருவார்கள். நாலாம் நாள் அது தானாகவே போகிற காலம். பேர் எனக்கு. நான் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் போனால் "ஜூடித்தக்கா, நீ முன்னால புடி" என்று வழிவிடுகிறார்கள் என்றால் யாருக்குக் கசக்கும்?

என் வீட்டுக்காரருக்கு மட்டும் என் காலைக் கண்டால் சிரிப்பு. "கால்ல இன்னாடி வச்சிகினு கீற, தைலமா?" என்பார். ஒன்பது வருஷமாக அதே கேலி.

சுரங்கத்தில் அவர் கம்பி பிடிக்கிறவர். வெடி வைப்பதற்குப் பாறையில் துளை போட வேண்டும். ஒருவர் கம்பியைப் பாறையில் வைத்துப் பிடிப்பார், இன்னொருவர் சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும் கம்பியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வேண்டும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் கண் உதவாது. கம்பி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது பிடிக்கிறவர் விரலுக்குத்தான் தெரியும். அடிக்கிறவர் சம்பங்கி, ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்துப் பையன், என்னை அக்கா என்று கூப்பிடுவான். கல் விழுந்து இவருடைய இடது சுண்டுவிரல் கோணிப்போன வருஷத்திலிருந்து இரண்டு பேரும் ஜோடி. கடைசி சில மாதங்களாக அவர்களுக்கு வேலை மேற்கூரைப் பாறையில். நாள் முழுக்கத் தலையை அண்ணாந்து வைத்துக் கம்பி பிடித்து, இவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று நாள் இல்லை, மூன்று வாரம். என் கணக்குக்குள் அடங்காத சுளுக்கு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு விடிகாலையில் அவரே பாயை விரித்துக் குப்புறப் படுத்தார். "சரி, உன் வித்தைய காட்டு" என்றார்.

முதல் இரண்டு முறையும் வழக்கம்போலத் தொட்டு எடுத்தேன். பாய்க்குள் முகத்தை வைத்துக்கொண்டு அவர் சிரித்தார். "இவ்ளோதானா? இதுக்கா இந்த லைனே ஓடி வருது?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. காட்டுகிறேன் என்று நினைத்தேன். கழுத்தை நினைக்கவில்லை, வலியை நினைக்கவில்லை. ஒன்பது வருஷக் கேலியைத்தான் நினைத்தேன். அவர் தலை சிரிப்பில் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. பிடரியில் குதிகாலை வைத்து என் பாரத்தை இறக்கினேன். மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

அவர் எழுந்து உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். திரும்பியது. "அடிப்பாவி, நெஜமாவே வுட்டுட்ச்சிடி" என்றார். நான் அன்றைக்குப் பூராவும் தரையில் நடக்கவில்லை. தொட்டியடியில் மூன்று பேரிடம் சொன்னேன்.

சாயங்காலம் கையில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்றார். தோளிலிருந்து விரல் வரைக்கும் ஒரு கோடு போல இழுக்கிறதாம். கையை மடக்கிப் படுத்திருப்பீர்கள் என்றேன். மறுநாள் சட்டைப் பொத்தானைப் போட இடது கையை உபயோகித்தார். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுப்பை ஊதப் போனேன்.

இப்போது களி ஆறிக்கொண்டிருந்தது. விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, அவரைக் கண்ணை மூடச் சொன்னேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு புளியங்கொட்டையை வைத்தேன்.

"இன்னா கீது கையில?"

"இன்னும் நீ ஒண்ணியும் வைக்கல."

கொட்டை நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் அவர் கண்ணைத் திறந்தார்.

"இந்தக் கையோடயா நாலு நாளா கம்பி புடிச்சீங்க?"

"புடிக்கிறேன். கண்ணால பாத்துகினு புடிக்கிறேன்."

"கம்பெனி டாக்டர் தொர கிட்ட காட்டலாம்."

"காட்டினா சொரங்கத்த வுட்டு மேல கல்லு பொறுக்க அனுப்பிடுவாரு. எடத்துல வேற ஆளு வந்துடுவான். அப்புறம் கம்பி கைக்கு வராது." விழுந்த கொட்டையை இடது கையால் பொறுக்கிக்கொண்டே, "சம்பங்கிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவனுக்கு அடி வராது, பயந்துக்குவான்" என்றார்.

இவர் பிடி நழுவினால் சம்மட்டி இவர் மணிக்கட்டில் இறங்கும். இல்லையென்றால் கம்பி தெறித்து அந்தப் பையன் முகத்துக்குப் போகும். இரண்டும் நடந்திருக்கிறது, எங்கள் வரிசையிலேயே ஒற்றைக்கண்ணர் ஒருவர் இருக்கிறார். சொன்னால் இவர் வேலை போகும். நான்தான் கெடுத்தேன் என்பதும் ஊருக்குத் தெரிந்துபோகும். இரண்டில் எது என்னை அதிகமாகத் தடுத்தது என்று கேட்டால், வெட்கத்தோடு சொல்கிறேன், அன்று ராத்திரி வரைக்கும் இரண்டாவதுதான்.

காலையில் அவர் தலைப்பாகை கட்டிக் கிளம்பியதும் நானும் பின்னாலேயே போனேன். "எங்கடி வர?" என்றார். கூடவே நடந்தேன். ஷாப்ட் வாயில், சுரங்கத்துக்குள் இறக்கிவிடுகிற கேஜுக்காக ஆட்கள் காத்து நின்றார்கள். சம்பங்கி சம்மட்டிக் காம்பில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பீடியை மறைத்தான்.

"தம்பி, இவருக்குக் கையில உணர்ச்சி இல்ல" என்றேன். "நாந்தான் கழுத்த மிதிச்சிக் கெடுத்துட்டேன். இன்னிக்கு இவர எறக்காத."

என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். சம்பங்கி தரையைப் பார்த்தான்.

"தெரியுங்க்கா."

"இன்னா தெரியும்?"

"நாலு நாளா தொள கோணலா போவுது. கம்பி திரும்பறது லேட்டாவுது. சம்மட்டிக்குத் தெரியாதா? பாதி அடிதான் அடிச்சிகினு கீறேன்."

"இன்னாத்துக்குடா சொல்லல?" என்றார் இவர்.

"நீ சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன் அண்ணே." பிறகு என் பக்கம் திரும்பினான். "நான் புதுசா வந்தப்ப ஒரு அடி தப்பி அண்ணன் கை மேல வுட்டேன். அந்தச் சுண்டுவெரல். மேஸ்திரி கிட்ட கல்லு வுந்துச்சின்னு சொன்னாரு. நெஜத்த சொல்லியிருந்தா அன்னிக்கே என்னைத் தொரத்தியிருப்பாங்க."

எனக்கும் கல் என்றுதான் சொல்லியிருந்தார். எத்தனை வருஷம் அந்த விரலுக்கு எண்ணெய் போட்டுவிட்டிருக்கிறேன். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கேஜ் கயிற்றைப் பார்ப்பது போல மேலே பார்க்கப் போய், கழுத்து இழுத்ததும் குனிந்துகொண்டார்.

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். சம்பங்கி சட்டென்று சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டான். "தோள் பூட்ச்சி மேஸ்திரி, தூக்க முடியல." எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அடிக்கிறவனுக்கு அடிபட்டால் ஜோடியாக இரண்டு பேரையும் கொஞ்ச நாளைக்குத் தரைமேல் வேலையில் போடுவார்கள், இடத்தில் வேறு ஆளை வைக்கமாட்டார்கள். பிடிக்கிறவர் கை போனால் அந்தச் சலுகை கிடையாது.

மேஸ்திரி நம்பவில்லை. அவர் பார்வை என் மேல் விழுந்தது. "அதான் மருந்து இங்கியே நிக்குதே. நாளைக்குக் காலையில ஜூடித்தம்மா கிட்ட மிதி வாங்கிக்க. நானே வந்து பாக்கறேன். நல்லாயிட்டா எறங்கு. அந்தக் காலுக்கே கேக்கலன்னா பதினஞ்சி நாள் ரெண்டு பேரும் மேலயே இருங்க."

அவர் போன பிறகு சம்பங்கி என்னிடம் மெதுவாகச் சொன்னான். "அக்கா, நான் எழுந்து கத்துவேன். மிதிச்சும் நல்லாவலன்னு எல்லாரும் கேக்கறா மாதிரி சொல்லுவேன். உன் பேரு கெட்டுப்பூடும்."

"கெடட்டும்" என்றேன்.  பேரைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று சொன்னால் பொய்.

மறுநாள் விடிகாலையில் எங்கள் வாசலில் பாதி வரிசையே நின்றது. தொட்டியடியில் எனக்கு வழிவிடுகிற பெண்கள், உபதேசியார், ஒற்றைக்கண்ணர். மேஸ்திரி குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் நின்றார். சம்பங்கி பாயில் குப்புறப் படுத்தான். இருபத்திரண்டு வயசுப் பிடரி, முடி ஒட்ட வெட்டி, எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ பிடரியில் கால் வைத்திருக்கிறேன். ஒன்றையாவது இப்படிப் பார்த்திருக்கிறேனா என்று தெரியவில்லை. அவன் சொன்னது தோள் வலி என்றுதான். ஆனாலும் என் கண் கழுத்தை விட்டு நகரவில்லை.

காலைத் தூக்கினேன்.  எப்போதும் பிடித்துக்கொள்கிற தட்டிச் சுவர் கைக்கு எட்டவில்லை, கூட்டத்துக்காகப் பாயை வாசலில் விரித்திருந்தோம். என் வீட்டுக்காரர் முன்னால் வந்து கையை நீட்டினார். யோசித்து நீட்டவில்லை, வழக்கப்படி வலது கையைத்தான் நீட்டினார். பதினைந்து நாளில் அந்தக் கை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அதைச் சொல்லக்கூடியவர்கள் யாரும் அந்த வாசலில் இல்லை.

"மிதிக்கா" என்றான் சம்பங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி.

ஒரு முறை தோளைத் தொட்டு எடுத்தேன். இரண்டாம் முறையும் தொட்டு எடுத்தேன். மூன்றாவது முறை காலைக் கொண்டுபோகும்போது உடம்பு சாய்ந்தது. விழுந்துவிடாமல் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன். வெந்த மூன்று விரல்களும் என் உள்ளங்கைக்குள் இருந்தன. என் கையை ஏதோ பதிலுக்கு அழுத்தியது. அது அவர் விரல்தானா, என் பிடியே எனக்குத் திரும்பி வந்ததா என்று தெரியவில்லை. காலைக் கீழே வைக்காமல், அந்த அழுத்தம் மறுபடி ஒரு தடவை வரட்டும் என்று அப்படியே நின்றேன்.