அம்மா கையெழுத்துப் போடாத விண்ணப்பம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கிடைத்தது என்று எழுதுவதே பொய். நான் அதற்குள் இருந்தேன்.

என் அக்கா பள்ளி ஆசிரியை. பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்விப் பிரிவுகளை எடுத்துச் சொல்லி, விண்ணப்பங்களை வாங்கி அனுப்புவது அவள் பொறுப்பு. அவள் மேடையில் பேசுவதை எழுதிக் கொடுப்பது நான். 'கையால் செய்யும் வேலைக்கும் மூளை வேண்டும்' என்ற வரிக்கு ஒவ்வொரு வருஷமும் கைதட்டல் விழும். (என் கதைகள் எதற்கும் அவ்வளவு விழுந்ததில்லை.)

2

முதல் தொடக்கம்: 'அக்காவுக்கு மகள்மேல் உயிர். அதனால்தான் அவள்—'

அடித்துவிட்டேன். பாசத்தை முன்னால் நிறுத்தினால் அக்கா அதன் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

இரண்டாவது தொடக்கம்: ஒரு திங்கட்கிழமை காலை, கிளம்புகிற அவசரத்தில் மகள் ஒரு விண்ணப்பத்தை நீட்டினாள். குளிர்சாதன இயந்திரப் பழுதுபார்ப்பு, இரண்டு ஆண்டு. 'ஏன் இந்தப் பிரிவு?' என்ற கேள்விக்கு எதிரே, 'மெஷின் போடும் சத்தத்திலேயே எங்கே கோளாறு என்று எனக்குத் தெரிகிறது' என்று எழுதியிருந்தாள். உண்மைதான். பதின்மூன்று வயதில் வீட்டு வாஷிங் மெஷினைப் பிரித்து, பம்பில் மாட்டியிருந்த ஹேர்பின்னை எடுத்தவள். [வால்வு என்று எழுதியிருந்தேன். பம்பு என்று அவள்தான் திருத்தினாள்.]

"கையெழுத்து மட்டும் போடும்மா."

"வை, அப்புறம் பாக்கறேன்," என்றாள் அக்கா.

மகள் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு, வகுப்பில் இரண்டாமிடம். 'ஏன், மார்க் குறைஞ்சுபோச்சா?' என்று ஆசிரியர் அறையில் யாராவது கேட்டுவிடுவார்களே என்ற நினைப்பே அக்காவுக்குக் காதைச் சுட்டது. மற்றப் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் மேசைமேல் அடுக்காக இருந்தன. மகளுடையது இழுப்பறைக்குள் போனது.

3

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள். பெற்றோர் கூட்டமும் அன்றுதான். அக்கா பேசினாள், வழக்கமான இடத்தில் கை தட்டினார்கள். அப்போது ஒரு கொத்தனார் எழுந்தார். வேலையிலிருந்து நேரே வந்தவர். காலரில் சிமெண்ட் பொடி.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர், தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். உங்க பிள்ளைய இதுல சேப்பீங்களா?"

[மடக்குவதற்காகக் கேட்டார் என்று முதலில் எழுதினேன். கதைக்குச் சூடு வரும். ஆனால் அந்த மனிதர் நம்பித்தான் கேட்டார்.]

மூன்றாம் வரிசையில் மகள் இருந்தாள். வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய துண்டறிக்கைகள் அவள் மடியில்.

"தாராளமா சேப்பேன். ஆனா என் பொண்ணுக்கு இதுல இஷ்டம் இல்லீங்க."

யாருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. மகள் குனிந்து துண்டறிக்கைகளின் ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடி மறுபடி சரிசெய்தாள்.

"அதுவும் சரிதான் டீச்சர். அவங்கவங்க இஷ்டம்தானே முக்கியம்," என்றார் கொத்தனார். "என் பொண்ணு வெல்டிங் கேக்கறா. நீங்க இவ்வளவு சொல்றப்ப நான் எதுக்கு யோசிக்கணும்?"

மேடைக்கே வந்து அக்காவின் பேனாவை வாங்கினார். எழுத்துக் கூட்டி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். இரண்டு கையாலும் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். அதை வாங்கியபோது அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

4

மாலை நாலரை மணி. ஐந்து மணிக்கு விண்ணப்பக் கட்டு போயாக வேண்டும்.

முடிவு அ: அக்கா கையெழுத்துப் போட்டுக் கட்டில் சேர்க்கிறாள். எழுதிப் பார்த்தேன், கண் கலங்கும்படி வந்தது. நடக்கவில்லை.

முடிவு ஆ: மகளே அம்மாவின் கையெழுத்தைப் போட்டு— இல்லை. அவள் அப்படிச் செய்கிற பெண் இல்லை.

நடந்தது இது. மூன்று வரைவுகளில் இதை நான் விட்டிருந்தேன்.

அக்கா விண்ணப்பத்தை முன்னால் வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தாள்.

"பொய் சொல்லிட்டேன்டி. அவ முன்னாடியே. இப்பக்கூட அனுப்பலாம். போட்டுடட்டுமா?"

'போடு' என்ற ஒரு சொல் போதும். அதைக் கேட்கத்தான் அழைத்திருந்தாள்.

"அவசரப்படாதேக்கா," என்றேன். "அவளுக்குத்தான் மார்க் இருக்கே. இதெல்லாம் மார்க் இல்லாத பிள்ளைங்களுக்குத்தானே."

அந்த மேடைப் பேச்சை எழுதியவளின் வாய்.

மறுமுனையில் இழுப்பறை மூடும் ஓசை கேட்டது.

5

மகள் இப்போது பதினோராம் வகுப்பில் அறிவியல் படிக்கிறாள். தொழிற்கல்விப் பொறுப்பு இனி வேண்டாம் என்று அக்கா எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒருநாள் சாப்பிடும்போது, "அன்னிக்கு நான் செஞ்சது தப்புதான்" என்று மகளிடம் சொன்னாளாம். "விடும்மா, நாளைக்கு டெஸ்ட் இருக்கு" என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாளாம்.

போன வாரம் இந்தக் கதையை மகளிடமே படிக்கக் கொடுத்தேன். பம்பைத் திருத்தினாள். நான்காம் பகுதியில் வெகுநேரம் நின்றாள். போன் விஷயம் அதுவரை அவளுக்குத் தெரியாது.

"முடிவுதான் இன்னும் சரியா வரலை," என்றேன். "நீ என்ன நெனைக்கறே?"

தாள்களை மேசைமேல் வைத்தாள்.

"என் விஷயத்துல நீங்க ரெண்டு பேரும் எடுத்த முடிவே போதும் சித்தி."

ஆகவே நிறுத்திக்கொள்கிறேன். படிக்கிற உங்களுக்கு இந்நேரம் ஒரு நல்ல முடிவு தோன்றியிருக்கலாம். தோன்றினால் உங்களோடு இருக்கட்டும். அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள்.