புது எஞ்சினுக்கு ஒரு நேர்ச்சை

ஞாயிற்றுக்கிழமை தவிர சிலுவைதாசன் கடலுக்குப் போகாத நாள் இல்லை. ஆனால் அந்தோணியார் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தைத் தாண்டி அவருடைய வள்ளம் போனதும் இல்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "எஞ்சின் காணாது மக்கா. இதுக்கு அம்புட்டுதான் வலு." பாவம் அந்தச் சின்ன எஞ்சின். அதற்கு வாயிருந்தால் மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கும்.

உண்மை வேறு. ஒக்கிப் புயலில் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு அவரும் அவருடைய அண்ணனும் கரையே தெரியாத கடலில் கிடந்தார்கள். இவர் கையிலிருந்துதான் அண்ணனின் கை நழுவியது. தப்பி வந்தவர் கொஞ்ச நாளிலேயே மறுபடி கடலுக்குப் போனதை ஊர் மெச்சியது. கோபுரம் மறைந்தால் தனக்கு மூச்சு முட்டுகிறது என்பதை அவர் மனைவி ஞானசெல்வியிடம்கூடச் சொல்லவில்லை. மீன்பிடிக்கிறவன் கடலைக் கண்டால் பயம் என்று யாரிடம் போய்ச் சொல்வான்? சொன்னால் அன்றைக்கே பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். மகள் ரெஜிஷாவுக்குப் பிறக்கப்போகும் பிள்ளை வரைக்கும் அது ஒட்டிக்கொண்டு வரும்.

இப்படி இருக்கும்போதுதான் ஞானசெல்வியின் தம்பி ரிஜோ பஹ்ரைன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். வந்த சூட்டோடு சூடாக இருபத்தைந்து எச்.பி. எஞ்சின் ஒன்றை டெம்போவில் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினான்.

"மச்சான், இனி காணாதுன்னு சொல்லப்பிடாது. ரெண்டு பேருமா ஆழக்கடலுக்குப் போவம்."

சிலுவைதாசன் சிரித்துவைத்தார். இவ்வளவு கனத்தை வள்ளத்தின் பின்பலகை தாங்காது என்று சொல்லிப் பார்த்தார். ரிஜோ ஆளைக் கூட்டிவந்து பலகைக்கு மேல் பைபர் போட்டுக் கெட்டியாக்கிவிட்டான். பழைய எஞ்சினைக் கழற்றிப் புதியதை மாட்டியும் ஆயிற்று. கடைசியாக அவருக்கு ஒன்று தோன்றியது.

"தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்காம எப்பிடிலே கொண்டு போவ? சாமியாரு வரட்டும்."

பங்குச் சாமியார் வெளியூருக்குத் தியானத்துக்குப் போயிருந்தார். அந்த வாரம் முழுக்க சிலுவைதாசனுக்குச் சோறு நிம்மதியாக இறங்கியது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மந்திரிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் ஞானசெல்வி உருகிப்போனாள். கணவனுக்கு இவ்வளவு பக்தியா என்று நினைத்து, அவரிடம் கேட்காமலே கோயிலுக்குப் போய் ஒரு நேர்ச்சை நேர்ந்துவிட்டாள். ஞாயிறு பூசையில் திரும்பிவந்த சாமியார் அதைப் பீடத்திலிருந்து வாசித்தார். சிலுவைதாசனின் புது எஞ்சினில் கிடைக்கும் முதல் ஆழக்கடல் பாடு, அதாவது மீன் விற்ற காசு முழுவதும், அந்தோணியார் திருநாளில் ஊருக்கே சோறு போடும் அசனத்துக்கு. ஊரே திரும்பி அவரைப் பார்த்தது. மனிதனுக்குக் கொடுத்த வாக்கென்றால் ஏதாவது சொல்லி மழுப்பலாம். அந்தோணியாரிடம் என்ன சொல்வது? பூசை முடிந்த கையோடு சாமியார் கரைக்கு வந்து எஞ்சினை மந்திரித்தும்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் சிலுவைதாசனும் ரிஜோவும் போனார்கள். புது எஞ்சின் அலையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. கோபுரம் சிறுத்தது, விரலளவு ஆனது, பிறகு இல்லை. சிலுவைதாசன் எஞ்சினை அணைத்தார்.

"என்ன மச்சான்?"

"சூடாயிட்டு. திரும்புவம்."

ரிஜோ எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான். அவர் முகத்தையும் பார்த்தான். மூத்தவர் சொல்லைத் தட்டாமல் வள்ளத்தைத் திருப்பினான்.

கரையில் மீன் எடுக்கக் கூடையோடு நின்ற மீன்காரி எலிசா வெறும் வள்ளத்தைக் கண்டு கையைப் பிசைந்தாள். அந்தோணியார் காரியமாயிற்றே! அரைமணி நேரத்தில் மெக்கானிக் செல்வதாஸைப் பைக்கில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். அவன் டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை அதில் இறக்கிக் கயிற்றை இழுத்தான். ஒரே இழுப்பில் உறுமியது.

"இதுக்கு ஒரு கேடும் இல்ல கேட்டியளா," என்றான்.

"பின்ன என்ன, இப்பமே தள்ளுங்கலே!" என்று கூட்டம் ஆரவாரித்தது. எஞ்சினைத் திரும்ப மாட்டிவிட்டு, ஆளாளுக்கு ஓடிப்போய் வள்ளத்தைப் பிடித்தார்கள்.

ஞானசெல்வி எஞ்சினைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டுவதுபோல் அருகில் வந்தாள்.

"ரெஜிஷாக்க அப்பா, பயமா இருக்கா?"

இத்தனை வருஷத்தில் இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. சிலுவைதாசன் பாட்டிலை வாங்கினார்.

"ஆமாட்டி. கோபுரம் மறஞ்சா அண்ணனுக்க கை ஞாபகம் வருது."

"நான் அறியாமப் போனேனே! அறிஞ்சிருந்தா நேந்திருப்பனா?"

"இப்பம் அறிஞ்சாச்சில்லியா. சாமியாருட்ட போய் நேர்ச்ச வேண்டாம்னு சொல்லு."

அவள் கோயிலைப் பார்த்தாள். வள்ளத்தைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது.

"பீடத்துல வாசிச்சாச்சே," என்றாள்.

கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஊரோடு சேர்ந்து அவளும் வள்ளத்தைத் தள்ளினாள்.